இடப்பக்க மா ஏன் நனையவில்லை?

பாரிசவாதம் வந்து, சில கிழமைகள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீடு திரும்பியவர்களின் குடும்பங்களில் ஒரு முறைப்பாட்டை ஸ்காபரோவில் அடிக்கடி கேட்கலாம். "ஃபிசியோ வந்தா காலைத் தூக்கு, கையை மடக்கு என்று ஏதோ செய்விப்பா. மற்றவ வந்து அம்மாவைத் தேத்தண்ணி போடச் சொல்லுறா. பிறகு சட்டை மாத்தச் சொல்லுறா. எல்லாத்தையும் எழுதிக்கொண்டு போறா. இது என்ன வைத்தியம்?"

நியாயமான கேள்விதான். ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை. மூளையில் இரத்தக்குழாய் அடைபட்டவருக்குத் தேநீர் போடுவது எப்படிச் சிகிச்சையாகும்? அதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதற்கு ஒருவர் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டம் வேறு எடுக்க வேண்டுமா? கனடாவில் இந்தத் தொழிலுக்குள் நுழைய இன்று அந்தப் பட்டம் வேண்டும்.

குடும்பம் "மற்றவ" என்று குறிப்பிடுகிறவர் ஒக்கியுபேஷனல் தெரபிஸ்ற். இந்த அத்தியாயத்தில் அவரைச் செயல்வழிச் சிகிச்சையாளர் என்போம். குளிப்பது, உடுப்பது, சமைப்பது, கடைக்குப் போவது, பேரப்பிள்ளைக்குச் சோறூட்டுவது என்று மனிதர் நாளாந்தம் செய்கிற காரியங்களே அவருக்கு மருந்து. அந்தக் காரியங்கள் மறுபடியும் கைகூடுவதே அவர் தேடும் குணம்.

சுரங்கப் பொறியாளர் தொடங்கிய வகுப்பு

இந்தத் துறையின் கனடியக் கதை ரொறன்ரோவில் தொடங்குகிறது. முதலாம் உலகப் போரில் காயம்பட்ட சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேறித் திரும்பினார்கள். அறுவைச் சிகிச்சை முடிந்தவர்கள் மாதக்கணக்கில் கட்டிலில் கிடந்தார்கள். உடம்பு ஆறிக்கொண்டிருக்க மனம் சோர்ந்துகொண்டிருந்தது. அவர்களைத் திரும்பவும் வேலைக்கு ஆயத்தப்படுத்தும் பொறுப்பு இராணுவ ஆஸ்பத்திரிகள் ஆணையத்திடம் இருந்தது. ஒன்ராறியோவில் அந்த வேலையை முன்னின்று நடத்தியவர் எச். ஈ. ரி. ஹோல்ரெயின். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் சுரங்கப் பொறியியல் பேராசிரியர். கனடியப் பொறியாளர்கள் சுண்டுவிரலில் அணியும் இரும்பு மோதிரச் சடங்குக்கு வித்திட்டவரும் இவரே.

1918இல் அந்தப் பல்கலைக்கழகத்தில் இளம் பெண்களுக்கு ஒரு குறுகியகால வகுப்பு தொடங்கியது. நெசவு, கூடை பின்னல், மரச்செதுக்கு முதலிய கைவேலைகளைக் கற்ற அவர்கள், கட்டிலில் கிடந்த சிப்பாய்களுக்கு அவற்றைச் சொல்லிக்கொடுக்கப் போனார்கள். 1926இல் அதே பல்கலைக்கழகத்தில் இரண்டாண்டு டிப்ளோமா வந்தது. நாடு முழுவதற்குமான சங்கமும் அதே ஆண்டில்தான் உருவானது. இந்தியா இன்னும் இருபத்துச் சொச்ச ஆண்டுகள் காத்திருந்தது. 1950இல் பம்பாயில் முதல் பள்ளியைத் தொடங்கியவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் பிறந்து, இந்தியரை மணந்து இந்தியாவுக்கு வந்தவர் அவர்.

இங்கே எனக்குப் பிடித்த ஒரு சங்கதி உண்டு. 1917 மார்ச்சில் நியூயோர்க் மாநிலத்தின் கிளிஃப்ரன் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் ஆறு பேர் கூடி அமெரிக்கச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அவர்களில் இருவர் கட்டடக் கலைஞர்கள். ஒருவர் தோமஸ் கிட்னர், கனடிய ஆணையத்தில் தொழிற்பயிற்சிச் செயலாளராக இருந்தவர். மற்றவர் ஜோர்ஜ் பார்ட்டன். காசநோய், கால் அறுவை, இடப்பக்கச் செயலிழப்பு என்று எல்லாம் பட்டவர். தோட்ட வேலையும் தச்சு வேலையும் செய்து தன்னைத் தானே மீட்டெடுத்தவர். ஆக இரண்டு கட்டடக்காரர், ஒரு சுரங்கக்காரர். ஒரு வேலை நடக்கவில்லை என்றால் வேலையாளை மட்டும் பார்க்காமல் ஏணியையும் தரையையும் கருவியையும் பார்க்கிற பழக்கம் இவர்களுக்குத் தொழிலோடு வந்தது. அந்தப் பழக்கம் இன்றுவரை இந்தத் துறையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

கை எழும்பும், காரியம் ஆகாது

இனி ஓர் அம்மாவைக் கற்பனை செய்துகொள்வோம். பல வீடுகளில் நடப்பதைச் சேர்த்து உருவாக்கிய ஆள் இவர். வயது 68. பருத்தித்துறையில் பிறந்து, தொண்ணூறுகளில் கனடா வந்து, மார்க்கம் வீதியும் எக்லிங்ரன் வீதியும் சந்திக்கிற இடத்துக்குக் கிட்ட மகன் குடும்பத்தோடு இருக்கிறார். மூளையின் வலப்பக்கத்தில் அடைப்பு ஏற்பட்டதால் இடது கையும் இடது காலும் பலவீனம். மூன்று மாதத்தில் தடியூன்றி நடக்கிறார். இடது கை தோள்மட்டம் வரை எழும்புகிறது. விரல்கள் மூடுகின்றன, ஆனால் அநேகமாக விரிவதில்லை. அறிக்கையில் "நல்ல முன்னேற்றம்" என்று எழுதியிருக்கிறது.

வீட்டில் கதை வேறு. சட்டையின் இடது கையை மாட்ட மறந்துவிடுகிறார். கோப்பையில் வலப்பக்கச் சோறு முடிகிறது, இடப்பக்கத்தில் வைத்த கறி அப்படியே இருக்கிறது. கதவு நிலையில் இடது தோள் இடிபடுகிறது. மருமகள் கண் பார்வை குறைந்துவிட்டது என்கிறார், மகன் மறதி என்கிறார்.

1996இல் மேரி லோவும் ஐந்து கனடியச் சகாக்களும் கனடாவின் செயல்வழிச் சிகிச்சை இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் மூன்று வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டுகிற ஒரு படம் இருந்தது. ஒன்று ஆள், இன்னொன்று இடம், மூன்றாவது காரியம். மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று விழும் பகுதியில்தான் ஒருவரின் இயலுமை இருக்கிறது. ஆஸ்பத்திரிப் பயிற்சிக் குசினியில் தேநீர் போட்டவர் வீட்டில் போடமுடியாமல் திணறலாம். ஆள் மாறவில்லை, கேத்தில் வைத்திருக்கும் தட்டின் உயரம் மாறியிருக்கிறது. அதனால் இந்த அம்மாவால் என்ன முடியும் என்ற கேள்விக்கு அவருடைய கையை மட்டும் பிடித்துப் பார்த்துப் பதில் சொல்லமுடியாது.

அப்படியானாலும் வெறும் கைப்பயிற்சி போதாதா? 1991இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்குச் சுவையான விடை தருகிறது. மூளை வாதத்தால் ஒரு பக்கம் பலவீனமான சிறுவர்களிடம் முன்கையை முடிந்தமட்டும் திருப்பச் சொன்னார்கள். பிறகு அதே அசைவு தேவைப்படும்படி ஒரு மேளத்தைத் தட்டச் சொன்னார்கள். மேளம் தட்டியபோது கை கூடுதலாகத் திரும்பியது. தசையும் நரம்பும் மாறவில்லை. செய்வதற்கு ஒரு காரணம் கிடைத்தது, அவ்வளவுதான்.

பத்துக்கு எத்தனை?

சோதனை ஒரு கேள்வியோடு தொடங்குகிறது. கேட்பது லேசு, பதில் வாங்குவதுதான் பாடு.

"அம்மா, நீங்கள் செய்ய விரும்புற, ஆனா இப்ப செய்ய ஏலாமல் இருக்கிற வேலை என்ன?"

"எனக்கென்ன பிள்ளை, மருமகள் எல்லாம் பாக்கிறா."

எங்கள் வீடுகளில் முதல் பதில் பெரும்பாலும் இதுதான். விருப்பத்தைச் சொல்வது மருமகள் மீது குறை சொல்வதாகிவிடும் என்ற பயம் அதற்குள் இருக்கிறது. அனுபவப்பட்ட சிகிச்சையாளர் கேள்வியைத் திருப்பிப் போடுவார்.

"வருத்தம் வர முந்தி, காலமை எழும்பினா முதல் என்ன செய்வீங்கள்?"

"முகம் கழுவிச் சாமி கும்பிட்டிட்டுப் புட்டவிப்பன். பேரனுக்கு என்ரை புட்டுத்தான் வேணும்."

கிடைத்துவிட்டது. இந்த உரையாடலுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. 1991இல் ஆறு கனடியப் பெண்கள் சேர்ந்து வெளியிட்ட அளவுகோல் அது. மேரி லோவும், பின்னர் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் நீண்டகாலம் பணியாற்றிய ஹெலன் பொலதைக்கோவும் அவர்களில் அடக்கம். முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்கு அது போய்விட்டது. செய்முறை எளிது. முடியாமற்போன காரியங்களை நோயாளியே சொல்லவேண்டும். ஒவ்வொன்றும் தனக்கு எவ்வளவு முக்கியம் என்று ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்லவேண்டும். முக்கியமானவற்றில் ஐந்துவரை தேர்ந்தெடுத்து, இப்போது எவ்வளவு நன்றாகச் செய்கிறேன், அதில் எவ்வளவு திருப்தி என்று மேலும் இரண்டு எண்கள் சொல்லவேண்டும். சில மாதம் கழித்துத் திரும்பக் கேட்பார்கள். சராசரி இரண்டு புள்ளிகள் கூடினால் மாற்றம் பொருட்படுத்தத்தக்கது.

நம் அம்மாவின் பட்டியலில் மூன்று காரியங்கள் வந்தன. புட்டு அவிப்பதை எவ்வளவு நன்றாகச் செய்கிறார் என்பதற்கு அவர் கொடுத்தது 1. குளிப்புக்கு 4. கோயிலுக்குப் போய்வர 3. கூட்டி மூன்றால் வகுத்தால் 2.7.

இரத்த அழுத்தம் போல இது கருவி காட்டும் எண் அன்று, நோயாளி வாயால் சொல்லும் எண். இதை விஞ்ஞானம் என்று ஏற்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நோவுக்கும் கருவி கிடையாது, அதையும் வாயால்தான் கேட்கிறோம். வேறொருவருடைய எண்ணோடு ஒப்பிடாதவரை இதில் எனக்குச் சங்கடமில்லை.

பாதி காணாமற்போன உலகம்

சோற்றுக் கோப்பைக்கு வருவோம். அம்மாவின் கண்ணைச் சோதித்தால் இரண்டும் நன்றாகத் தெரிகிறது. சிக்கல் அதற்குப் பின்னால் இருக்கிறது. மூளையின் வலப் பாதியில், முக்கியமாக உச்சியின் பின்புறப் பகுதியில், பாதிப்பு ஏற்படும்போது சிலருக்கு உலகின் இடப்பாதி கவனத்திலிருந்து நழுவிவிடுகிறது. இதைப் பக்கப் புறக்கணிப்பு என்போம். இடது மூளை பாதிக்கப்பட்டவர்களுக்கும் மறுபக்கத்தில் இப்படி வருவதுண்டு. ஆனால் வலது மூளைப் பாதிப்பில்தான் அது கடுமையாகவும் நெடுநாளாகவும் நிற்கிறது.

இது பார்வைக் கோளாறு அல்ல என்பதை 1978இல் இத்தாலியின் மிலான் நகரில் எடுவார்டோ பிசியாக்கும் குளோடியோ லுசாத்தியும் காட்டிய விதம் அபாரமானது. அந்த நகரின் பெரிய தேவாலய முன்றிலை நன்கு அறிந்த இரண்டு நோயாளிகளிடம், தேவாலயத்தைப் பார்த்தபடி முன்றிலின் மறுகோடியில் நிற்பதாக நினைத்துக்கொண்டு கண்ணில் படுவதைச் சொல்லச் சொன்னார்கள். வலப்பக்கக் கட்டடங்களின் பெயர்கள் வந்தன, இடப்பக்கம் வெறுமையாக இருந்தது. பிறகு தேவாலய வாசலில் முதுகைக் காட்டி நிற்பதாக நினைக்கச் சொன்னார்கள். இப்போது எதிர்ப்பக்கக் கட்டடங்கள் வலப்புறம் வந்துவிட்டனவே! சற்றுமுன் சொல்லாமல் விட்ட பெயர்கள் வந்தன, சொன்ன பெயர்கள் காணாமற்போயின. நினைவில் எல்லாம் பத்திரமாகத்தான் இருந்தது. மனக்கண்ணின் இடப்பாதிக்குக் கவனம் போகவில்லை.

இதைக் காகிதத்தில் பிடிக்க வழிகள் உண்டு. ரொறன்ரோ சனிபுறூக் ஆஸ்பத்திரியில் நரம்பியலாளர் சாண்ட்ரா பிளாக்கும் சகாக்களும் தொகுத்த சோதனையில் கடிகாரம் வரைய வேண்டும், கோடுகளை வெட்ட வேண்டும், ஒரு கோட்டின் நடுவைக் குறிக்க வேண்டும். புறக்கணிப்பு உள்ளவர் வரையும் கடிகாரத்தில் பன்னிரண்டு எண்களும் வலப்பக்கமே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். கோட்டின் நடு வலப்புறம் தள்ளிப்போகும்.

ஆனால் காகிதத்தில் தேறியவர் வீட்டில் தவறுவதுண்டு. அமைதியான அறையில் மேசை முன்னால் இருந்து முழுக் கவனத்தோடு கோடு வெட்டுவது ஒன்று. பால் பொங்க, ஃபோன் அடிக்க, பேரன் கத்தச் சமைப்பது வேறொன்று. அதனால் பிரான்சில் உருவான கத்ரீன் பெர்ஜெகோ அளவுகோல் பத்து நாளாந்த நிலைமைகளை எடுத்துக்கொள்கிறது. முகத்தின் இடப்பக்கத்தைத் துடைக்கிறாரா, இடது சட்டைக்கையை மாட்டுகிறாரா, கோப்பையின் இடப்பக்க உணவைச் சாப்பிடுகிறாரா, கதவில் இடிபடுகிறாரா என்று ஒவ்வொன்றுக்கும் பூச்சியத்திலிருந்து மூன்று வரை புள்ளி. சிகிச்சையாளர் பார்த்து ஒரு முறை போடுவார், நோயாளியிடம் கேட்டு இன்னொரு முறை போடுவார். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம்தான், தன் குறை தனக்கு எவ்வளவு தெரியவில்லை என்பதன் அளவு. ஆபத்து அங்கேதான். இடப்பக்க அடுப்பு எரிவது தெரியாது, அது தெரியவில்லை என்பதும் தெரியாது.

புட்டைப் பிரித்துப் பார்த்தல்

இப்போது குசினிக்குப் போவோம். சிகிச்சையாளர் அம்மாவின் இடப்பக்கமாக, எட்டிப் பிடிக்கும் தூரத்தில் நிற்கிறார். கையில் பேனா. "நீங்கள் வழக்கமாச் செய்யிற மாதிரிச் செய்யுங்கோ அம்மா. கேட்டா மட்டும் உதவி செய்வன்."

அவர் மனதுக்குள் செய்துகொண்டிருப்பது செயல் பகுப்பு: ஒரு காரியத்தைச் சின்னச் சின்னப் படிகளாக உடைத்து, ஒவ்வொரு படியும் உடம்பிடமும் மூளையிடமும் என்ன கேட்கிறது என்று பார்ப்பது. மேசைக்கு முன்னால் இருந்து பார்க்கும் எந்தச் சோதனையை விடவும் புட்டு கடுமையானது.

வறுத்த சிவப்பரிசி மா தட்டில் இருக்கிறது. அம்மா கதவைத் திறந்து "மா முடிஞ்சுபோச்சு" என்கிறார். டப்பா இடது ஓரத்தில் இருக்கிறது. சிகிச்சையாளர் எதுவும் சொல்லாமல் ஐந்தாறு விநாடி காத்திருக்கிறார். பிறகு "இன்னும் ஒருக்காப் பாருங்கோ" என்கிறார். தலை கொஞ்சம் திரும்ப, டப்பா கிடைக்கிறது. இந்தக் குறிப்பு முக்கியமானது: சுட்டிக்காட்டத் தேவைப்படவில்லை, ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. எவ்வளவு உதவி வேண்டியிருந்தது, எந்த விதமான உதவி என்பதைத்தான் அவர் எழுதிக்கொண்டே போகிறார்.

புட்டுப்பானை வலப்பக்க அடுப்பில் இருக்கிறது. அம்மா ஒரு குமிழைத் திருகுகிறார். இடப்பக்க அடுப்பு சூடாகிறது. கண்ணாடித் தட்டு அடுப்பு என்பதால் சுவாலை இல்லை. அணைத்த பிறகும் சூடு கண்ணுக்குத் தெரியாது. ஊரில் விறகடுப்பு புகையாலும் சத்தத்தாலும் தன்னைக் காட்டிக்கொள்ளும். இந்த அடுப்பு அப்படிக் காட்டிக்கொள்ளாது. நைட்டியின் இடது கை அதற்கு மேலாகப் போய்வருகிறது. சிகிச்சையாளர் கை நீட்டி அணைக்கிறார். பாதுகாப்புக்கு வந்தால் காத்திருப்பு இல்லை.

சுடுதண்ணீர். வலது கையால் கேத்திலைச் சரித்து மாவுக்குள் ஊற்றுகிறார், பிறகு அகப்பைக் காம்பால் கிளறுகிறார். சட்டியை ஒரு கை பிடிக்க மற்றக் கை கிளற வேண்டிய வேலை இது. இடது கையோ மேசைக்குக் கீழே தொங்குகிறது. சட்டி வழுகிச் சுற்றுகிறது. விளிம்பை நோக்கிப் போனபோது இடது கை தானாக எழுந்து சட்டியின் ஓரத்தைத் தடுத்தது. அம்மா கவனிக்கவில்லை. சிகிச்சையாளர் இரண்டு முறை கோடிட்டு எழுதினார்.

அடுத்து, பேணியால் கொத்துகிறார். டக், டக், டக். நாற்பது வருடப் பழக்கம். தாளம் தப்பவில்லை. சட்டியின் வலப்பாதியில் மா உதிரியாக, ஈரப்பதம் சரியாக, மணலாக இருக்கிறது. இடப்பாதியில் ஒரு பிறை வடிவத்தில் காய்ந்த மா அப்படியே கிடக்கிறது. தண்ணீரும் அங்கே போகவில்லை, பேணியும் போகவில்லை.

நீத்துப்பெட்டியில் போட்டு அவித்து எடுத்தபோது பாதி புட்டு, பாதி மா. அம்மா ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்த முறை மா சரியில்லை. கடையை மாத்தவேணும்."

வலது கையின் பலமும் சமநிலையும் வேலைகளின் ஒழுங்கும் பெரும்பாலும் சரியாகவே இருந்தன. மாவையும் சுடுதண்ணீரையும் ஆவியையும் அவர் மறக்கவில்லை, ஆக மகன் சொன்ன மறதி இல்லை. டப்பா கண்ணுக்குத் தெரிந்தது, ஆக மருமகள் சொன்ன பார்வைக் குறையும் இல்லை. எங்கே உடைகிறது என்பதை அந்தக் காய்ந்த பிறை காட்டிவிட்டது. தேத்தண்ணி போடச் சொல்வதன் காரணமும் இதுதான்.

மீட்பதும் சுற்றிப்போவதும்

சிகிச்சையில் இரண்டு பாதைகள். ஒன்று, இழந்த திறமையை மீட்பது. மற்றது, இழப்பைச் சுற்றிக்கொண்டு போக வழி காண்பது. முதலாவது கேட்க நன்றாயிருக்கும், குடும்பமும் அதைத்தான் விரும்பும். ஆனால் இரண்டாவதில் கைவைக்காமல் முதலாவதுக்காக மட்டும் காத்திருந்தால், பேரன் பல்கலைக்கழகம் போன பிறகுதான் புட்டு வரும்.

சுற்றுவழிகள் முதலில் வந்தன. சமையல் மேசையின் இடது விளிம்பில் சிவப்பு நாடா ஒட்டினார்கள். எதைத் தொடங்குமுன்னும் அந்தச் சிவப்பைக் கண்ணால் தேடவேண்டும். அது அகப்பட்டால் மேசை முழுவதும் அகப்பட்டதென்று பொருள். சட்டிக்குக் கீழே வழுகாத றப்பர் விரிப்பு. கேத்திலில் அரைவாசித் தண்ணீர் மட்டும். நிற்பதற்குப் பதிலாக உயரமான இருக்கை. சமைக்கும்போது நீளக் கையில்லாத சட்டை. தனியே இருக்கும்போது அடுப்பு வேண்டாம் என்று மகனோடு ஓர் உடன்பாடு.

அடுத்தது கற்றல். "இடப்பக்கம் பாருங்கோ" என்று நாளுக்கு ஐம்பது தரம் சொல்லலாம். சொல்கிறவர் இருக்கும்வரை அது வேலை செய்யும். பொலதைக்கோவும் ஆஞ்சலா மாண்டிச்சும் சேர்ந்து, ஓடியாடுவதில் தடுமாறும் சிறுவர்களுக்கென உருவாக்கிய ஒரு முறை பின்னர் ரொறன்ரோ ஆய்வாளர்களால் பாரிசவாதத்துக்கும் எடுத்தாளப்பட்டது. இலக்கு, திட்டம், செய், பார் என்று நான்கு சொற்கள். சிகிச்சையாளர் வழியைச் சொல்லிக்கொடுப்பதில்லை. நோயாளியே கண்டுபிடிக்கும்படி கேள்வி கேட்கிறார்.

"அம்மா, இந்த மாவைப் பாருங்கோ. எங்கை காய்ஞ்சிருக்கு?"

சிவப்பு நாடாவரை தலையைத் திருப்பி, விரலால் தடவிப் பார்த்து: "இஞ்சாலை."

"அந்தப் பக்கமும் நனையிறதுக்கு என்ன செய்யலாம்?"

நீண்ட யோசனை. பிறகு அம்மாவே சொன்னார்: "சட்டியைச் சுத்தினா?"

சட்டியை அரைவட்டம் திருப்பினால் இடப்பக்கம் வலப்பக்கத்துக்கு வந்துவிடும். மிலான் நோயாளிகள் மனதுக்குள் தேவாலய வாசலுக்குப் போனதும் அதே வித்தைதான். ஒவ்வொரு பத்துக் கொத்துக்கும் ஒரு திருப்பு என்று திட்டம் போட்டுக்கொண்டார்கள். தானே கண்ட வழி என்பதால் அது சட்டியோடு நிற்கவில்லை. சில நாட்களில் சோற்றுக் கோப்பையையும் சுற்றத் தொடங்கினார்.

திருப்புவது யார்? இடது கை. அங்கேதான் இரண்டு பாதைகளும் சந்திக்கின்றன. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டோப் உருவாக்கிய கடும்பயிற்சி ஒன்று உண்டு. நல்ல கைக்கு உறை மாட்டிக் கட்டிவிட்டு, பலவீனமான கையை நாளுக்குப் பல மணிநேரம் வேலை வாங்குவது. மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவாவது விரிக்க முடிந்தவர்களுக்கே அது பொருந்தும். நம் அம்மாவுக்குப் பொருந்தாது. ஆனால் விளிம்பைப் பற்றி இழுக்க மூடும் விரல்கள் போதும். விலங்குகளில் மூளை தன்னைத் திருத்திக்கொண்ட ஆய்வுகளில் ஒரே அசைவு நாளுக்குப் பல நூறு முறை செய்யப்பட்டது. சாதாரணச் சிகிச்சை அமர்வில் சில பத்து முறைதான் வாய்க்கும். ஒரு குடும்பத்துக்கான புட்டுக்குள் எத்தனை திருப்பு, எத்தனை இழுப்பு! யாரும் எண்ணச் சொல்லவில்லை, அலுக்கவும் இல்லை.

மிகைப்படுத்தவும் கூடாது. 1998இல் பிரான்சின் லியோனில் ஈவ் றொசெற்றி குழுவினர், காட்சியைப் பத்துப் பாகை வலப்புறம் தள்ளும் கண்ணாடி மாட்டிச் சில நிமிடம் சுட்டுவிரலால் குறிபார்க்கச் செய்தபோது, கழற்றிய பின் நோயாளிகளின் கவனம் இடப்பக்கம் திரும்பியது என்று அறிவித்தார்கள். பெரிய பரபரப்பு. பின்னர் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், இதுவானாலும் வேறெதுவானாலும், பக்கப் புறக்கணிப்பை நிலையாகக் குறைக்கும் என்று சொல்லச் சான்று போதாது என்றே எழுதியிருக்கிறார்கள். குளிப்பு, உடுப்பு முதலிய தன் காரியங்களைக் குறிவைத்துத் தரும் செயல்வழிச் சிகிச்சைக்குச் சான்று சற்றே மேல். ஏறத்தாழ ஆயிரம் பேர் பங்கெடுத்த 9 சோதனைகளை 2017இல் தொகுத்துப் பார்த்தபோது, அது கிடைத்தவர்கள் அந்தக் காரியங்களைக் கூடுதல் நன்றாகச் செய்தார்கள். சான்றின் தரம் குறைவு என்றும் அதே தொகுப்பு சொல்கிறது.

நிலத்துக்கு அடியில் ஒரு மாரிகாலம்

இடத்தை மாற்றும் வேலை சிலவேளை ஒரு வீட்டைத் தாண்டி நாட்டுச் சட்டம்வரை போகும். யூனிவர்சிற்றி அவெனியூவில் உள்ள ரொறன்ரோ மறுவாழ்வு ஆஸ்பத்திரியின் அடியில், ஆடி அசையும் ஒரு பெரிய மேடை இருக்கிறது. அறையளவான ஆய்வுக்கூடங்களைப் பாரந்தூக்கியால் எடுத்து அதன்மேல் வைக்கலாம். ஒன்றில் படிக்கட்டு. இன்னொன்றில் உறைபனித் தரையும் குளிர்காற்றும். இடுப்பிலும் தோளிலும் பட்டி மாட்டிய ஆட்களை அங்கே வேண்டுமென்றே வழுக்கவிடுகிறார்கள்.

பனிக்காலச் சப்பாத்துகளைச் சரிவில் நடக்கவிட்டுப் புள்ளி போடுவதும் அங்கேதான். முதல் முறை சோதித்த நூற்றுக்கு அண்மையான சப்பாத்துகளில் பத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. விலைக்கும் பிடிமானத்துக்கும் சம்பந்தமில்லை என்பதைக் கடைக்குப் போகுமுன் தெரிந்துகொள்வது நல்லது. சட்டம்வரை போனது படிக்கட்டு விஷயம். கனடாவின் தேசியக் கட்டடவிதி வீட்டுப் படியின் ஆழத்தை 2015இல் குறைந்தது 210 மில்லிமீற்றரிலிருந்து 255 ஆக்கியது. குறுகிய படியில் பாதத்தின் பெரும்பகுதி வெளியே நிற்கிறது என்பதே காரணம். பழைய ஸ்காபரோ வீடுகளின் பேஸ்மென்ற் படிகளுக்கு இது பொருந்தாது. வாடகைக்கு இருக்கிற தாத்தாக்களும் பாட்டிமாரும் அந்தக் குறுகிய படிகளில்தான் ஏறி இறங்குகிறார்கள்.

ஆறும் பாறையும்

இந்தத் துறைக்கு நீண்டகாலமாக ஒரு குருட்டுப்புள்ளி இருந்தது. தானே செய்துகொள்வதுதான் நலம் என்ற எண்ணம். வட அமெரிக்காவில் அதைக் கேள்வி கேட்டவர்கள் குறைவு. ஜப்பானியக் கனடியரான மைக்கேல் இவாமா, ஜப்பானியச் சிகிச்சையாளர்களோடு சேர்ந்து அதைக் கேட்டார். அவர் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தவர். 2006இல் வந்த அவருடைய 'கவா' நூல் வாழ்வை ஓர் ஆறாகப் பார்க்கிறது. நீர் உயிரோட்டம், கரையும் அடித்தளமும் வீடும் உறவும், பாறைகள் நோயும் இடரும், மிதக்கும் கட்டைகள் ஒருவரின் குணமும் பொருளும். சிகிச்சையாளர் தேடுவது இவற்றுக்கு நடுவே நீர் ஓடக்கூடிய இடைவெளிகளை. பாறையைத்தான் உடைக்கவேண்டும் என்றில்லை. கரையையும் கொஞ்சம் அகட்டலாம்.

நம் அம்மாவின் வீட்டில் கரை என்பது மருமகள். "அம்மா பாவம், விடுங்கோ, நான் செய்யிறன்" என்று அவர் அன்பாகவே சொன்னார். அம்மா குசினிக்கு வராதது அவருக்கும் ஒரு நிம்மதி. விறைத்த இடது கை சுட்டுவிட்டால் ஆர் பதில் சொல்வது? சிகிச்சையாளர் இதைத் தப்பென்று சொல்லவில்லை. வேலையைப் பிரித்தார். அடுப்பும் ஆவியும் மருமகளிடம். மா குழைப்பதும் கொத்துவதும் தேங்காய்ப்பூ கலப்பதும் அம்மாவிடம். ஆங்கிலப் படிவத்தில் இதற்குப் "பகுதி உதவி தேவை" என்று அடையாளமிடுவார்கள். வீட்டில் இதற்குப் பெயர் சமையல். தனியாகச் செய்து முடிப்பதே குறி என்றிருந்தால் இந்தப் புட்டு தோல்விக் கணக்கில் போயிருக்கும்.

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் பத்துக்கு எத்தனை என்று கேட்டார்கள். புட்டு 1லிருந்து 7. வீட்டுக்கு வெளியே நடந்து பழகியதால் கோயில் 3லிருந்து 5. சராசரி 2.7லிருந்து 5.3. தேவைப்பட்ட இரண்டு புள்ளிகளுக்கு மேலேயே ஏறியிருந்தது.

குளிப்பு மட்டும் 4லேயே நின்றது. அம்மா ஷவருக்குக் கீழே நிற்கப் பழகாதவர். வாளியில் தண்ணீர் நிறைத்து, குந்தியிருந்து, தலையில் அள்ளி ஊற்றினால்தான் குளித்ததாக அவருக்கு இருக்கும். கனடியக் குளியல் தொட்டியின் சுவரோ முழங்கால் உயரம். அதைத் தாண்டப் பலவீனமான இடது காலும் எழும்ப வேண்டும். தொட்டிக்கு உள்ளே இரண்டு கால், வெளியே இரண்டு கால் வைத்து நிற்கும் நீள இருக்கை ஒன்று உண்டு. தொட்டிக்கு வெளியே அதில் அமர்ந்து, சறுக்கி உள்ளே போகலாம். வாளியை மடிக்கு எட்டும் உயரத்தில் ஒரு முக்காலியில் வைக்கலாம், சொம்பு வலது கையில் இருக்கலாம். சுவரில் ஒரு கைபிடி வேண்டும். உறிஞ்சி ஒட்டும் வகை சொல்லாமல் கழன்றுவிடும். சுவருக்குள் இருக்கும் மரத்தூணில் திருகாணி இறங்கவேண்டும். வாடகை வீடென்றால் முதலில் வீட்டுக்காரரிடம் கேட்கவேண்டும்.

செலவுக் கணக்கும் உண்டு. ஒன்ராறியோ அரசின் உதவிச் சாதனத் திட்டம், சிகிச்சையாளர் மதிப்பிட்டு எழுதிக்கொடுத்தால், நடைவண்டிக்கும் சக்கர நாற்காலிக்கும் விலையில் 75 சதவீதம் கொடுக்கிறது. குளியலறை இருக்கையும் கைபிடியும் அந்தப் பட்டியலில் இல்லை. அவற்றை மகன்தான் வாங்கவேண்டும்.